கொங்குச் சாப்பாடு, ஜமாப், திறந்தவெளிப் படம்: மூன்றையும் ஒரே மாலையில் எப்படி வைப்பது?

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் ஒரு தென்னந்தோப்பில், தை மாதத்தில், சுமார் 300 பேருக்கு ஒரு மாலை நிகழ்ச்சி நடத்த நண்பர்கள் சிலர் சேர்ந்திருக்கிறோம். கொங்கு நாட்டுச் சாப்பாடு, நேரடி இசை, இருட்டியதும் திரை கட்டி ஒரு படம். எங்கிருந்து தொடங்குவது? எதைக் கவனிக்காவிட்டால் கெட்டுப்போகும்?

பதில்:

கேட்டவர்கள் பெரும்பாலும் சாப்பாட்டுப் பட்டியலில் தொடங்குவார்கள். நீங்கள் நேரத்தில் தொடங்குங்கள். தை மாதத்தில் பொள்ளாச்சியில் சூரியன் மறைவது மாலை 6.20-லிருந்து 6.30-க்குள். மறைந்த கையோடு இருட்டிவிடாது. துணித் திரையில் படம் வெளிறாமல் தெரிய இன்னும் 35, 40 நிமிடம் வேண்டும். ஆக, 7 மணிக்கு முன்னால் படம் கிடையாது. மறுபக்கம், இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக ஆண்டில் 15 நாள் மட்டும் நள்ளிரவு 12 மணிவரை நீட்டித்துக்கொள்ள மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அது உங்கள் நிகழ்ச்சிக்குக் கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஆக, இருட்டில் உங்கள் கையில் இருப்பது மூன்று மணி நேரம். இங்கேதான் பலருடைய திட்டம் உடைகிறது. பழைய தமிழ்ப் படங்கள் சர்வசாதாரணமாக 16,000 அடி ஓடும். 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடுகிறது என்பதால், அது மூன்று மணி நேரத்துக்கு ஒரு இரண்டு நிமிடம் குறைவு. 7 மணிக்குத் தொடங்கி, இடைவேளையே விடாமல் ஓட்டினால் 10-க்கு முடியும். நடுவில் யாராவது வரவேற்புரை ஆற்றினால் அவ்வளவுதான், கிளைமாக்ஸில் போலீஸ் வந்து நிற்பார்கள். அந்தக் காலத்து டூரிங் டாக்கீஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. இருட்டியதும் ஒரு ஆட்டம், அது முடிந்து பத்து மணிக்கு மேல் இரண்டாம் ஆட்டம் என்று நிம்மதியாக ஓட்டினார்கள்.

சாப்பாடு, இசை, படம் மூன்றும் தனித்தனியாக நல்ல விஷயங்கள். ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வைத்தால் ஒன்றையொன்று கெடுக்கும். கடை விளக்கு திரையை வெளிறடிக்கும். மேளச் சத்தத்தில் டோக்கன் கொடுப்பவருக்குக் காது கேட்காது. கதைப்பாட்டுக்காரர் உருகிப் பாடும்போது பக்கத்தில் கொத்துப் பரோட்டா தட்டிக்கொண்டிருந்தால் அவர் பாட்டைச் சுருக்கிக்கொண்டு இறங்கிவிடுவார், தப்பு அவர்மேல் இல்லை. எனவே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள். என் யோசனை இது: 4.30-க்கு ஆட்களை உள்ளே விடுங்கள், 4.45-க்குக் கடைகள் திறக்கட்டும். 5.15-லிருந்து 6 வரை ஆட்டமும் மேளமும், வெளிச்சத்திலேயே. 6.20-க்குக் கடையை மூடிவிட்டு, அந்திப் பொழுதில் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்கிற பாட்டு. 7 மணிக்குப் படம். நடுவில் கால் மணி நேரம் இடைவேளை, சுக்குக் காபி. 9.30-க்குள் முடியட்டும். மிச்ச அரை மணி நேரம் தாமதத்துக்கு. கட்டாயம் தாமதமாகும்.

தேதி

தை மாதம் நல்ல தேர்வு. ஆடியில் வைத்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்காகத்தான் உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் காற்றில் திரை கட்டுவது பாய்மரம் கட்டுவது மாதிரி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. பங்குனிக்கு மேல் வெக்கையும் கோடை மழையும். தை, மாசிதான் வாகான காலம்.

ஆனால் தையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: தைப்பூசம். அந்த வாரம் கொங்கு நாடே பழனிப் பாதையில் நடந்துகொண்டிருக்கும். ஜமாப் மேளச் செட், காவடி ஆட்டக்காரர்கள், பந்தல்காரர், மைக் செட்காரர், பாதுகாப்புக்கு வரவேண்டிய காவலர்கள் எல்லோருக்கும் அங்கே வேலை. கேட்டாலும் கிடைக்க மாட்டார்கள், கிடைத்தாலும் முந்தின நாள் தூங்காமல் வந்து நிற்பார்கள். போதாக்குறைக்குத் தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருகிறது. பொழுது சாய்ந்ததும் கிழக்கே நிலா எழுந்து நேராகத் திரையில் விழும். நிலா உதிப்பது நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், பௌர்ணமி கழிந்து நாலைந்து நாளானால் படம் முடிகிற நேரத்துக்குத்தான் நிலா எட்டிப்பார்க்கும். அந்தத் தேய்பிறை நாட்களில் ஒரு சனிக்கிழமையைப் பிடியுங்கள். அமாவாசையைத் தவிருங்கள். இருட்டுக்கு நல்லதுதான், ஆனால் அன்று கறி தொடாத வீடுகள் நம் பக்கம் நிறைய. பள்ளிபாளையம் சிக்கன் போட்டவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

இடம்

தென்னந்தோப்பு என்று கேட்டதும் எல்லோருக்கும் ஆசை வரும். எனக்கு முதலில் வருவது பயம். தலைக்கு மேலே காய்ந்த மட்டையும் முற்றிய காயும் தொங்கும்போது கீழே 300 பேரை உட்கார வைக்க முடியாது. நிகழ்ச்சிக்கு முந்தின வாரம் மரமேறியை வைத்துக் காய் வெட்டி, காய்ந்த மட்டையையும் பாளையையும் இறக்கிவிடுங்கள். அதைவிட நல்ல வழி, தோப்புக்குள்ளேயே கொப்பரை காயப்போடும் களம் இருக்கிறதா என்று பார்ப்பது. சிமெண்டுத் தரை, மேலே வானம், சுற்றி மரம். திரை கட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது. மக்கள் களத்தில் உட்காரட்டும், கடைகள் மரத்தடிக்கு அப்பால், வண்டி நிறுத்துமிடம் இன்னும் தள்ளி. களத்துக்காரர் கொப்பரை காயப்போட்டிருக்கும் நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரையின் முகம் கிழக்கைப் பார்க்கட்டும். மேற்கே மிச்சமிருக்கும் அந்தி வெளிச்சம் திரையின் முதுகில் விழுந்து போய்விடும். கடைகளைத் திரைக்கு எதிர்ப்பக்கம், அதாவது பார்ப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் போடுங்கள். ஆனால் விளக்குகள் திரையைப் பார்க்காமல் கீழே பார்க்கட்டும். வெள்ளை எல்இடி ஃபிளட் விளக்கை யாராவது அன்போடு கொண்டுவந்து மாட்டுவார்கள். கழற்றச் சொல்லுங்கள். மஞ்சள் பல்பு போதும்.

திரையும் சத்தமும்

300 பேர் தரையில் உட்கார ஏறக்குறைய 2,000 சதுர அடி வேண்டும். 40 அடி அகலம், 50 அடி ஆழம் என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு 20 அடி அகலத் திரை சரியாக இருக்கும். முதல் வரிசையை 30 அடி தள்ளி வைத்தால் கழுத்து வலிக்காது, கடைசி வரிசை 80 அடியில் முடிந்துவிடும். தரையில் உட்கார்வதால் திரையின் கீழ் விளிம்பு 4 அடி உயரத்திலாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்னால் இருப்பவரின் கொண்டையைத்தான் பின்னால் இருப்பவர் பார்ப்பார்.

20 அடி அகலம், 11¼ அடி உயரம் என்றால் 225 சதுர அடி. 5,000 லூமென்ஸ் புரொஜெக்டர் ஒன்று இதில் தியேட்டர் அளவுக்கு வெளிச்சம் தரும், கொஞ்சம் கூடவே தரும். பெட்டியில் எழுதியிருக்கும் லூமென்ஸை அப்படியே நம்பக்கூடாது என்பதால் அந்தக் கூடுதல் தேவை. 3,000 லூமென்ஸ் அலுவலகப் புரொஜெக்டரை யாராவது இலவசமாகத் தருகிறேன் என்றால் திரையை 14 அடிக்குக் குறையுங்கள். அப்புறம், சாதாரண புரொஜெக்டரை 20 அடிப் படத்துக்கு 30 முதல் 36 அடி தூரத்தில் வைக்க வேண்டியிருக்கும். அது சரியாக உங்கள் முதல் வரிசைக்குப் பின்னால், ஆட்களுக்கு நடுவே விழும். அங்கே 7 அடி உயரத்தில் ஒரு சாரப் பலகை கட்டி மேலே வையுங்கள். எழுந்து நடக்கிறவர்களின் தலை நிழல் விழாது, குழந்தைகள் ஒயரில் தடுக்கி விழ மாட்டார்கள்.

காற்றை லேசாக நினைக்காதீர்கள். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் காற்றடித்தால் இந்த அளவுத் திரையைத் தள்ளுகிற விசை சுமார் 150 கிலோ. இரண்டு மூங்கிலை ஊன்றி நைலான் கயிற்றில் கட்டினால் நிற்காது. சாரக் குழாயில் சட்டம் அமைத்து, பின்பக்கம் சாய்கால் கொடுத்து, ஒவ்வொரு காலிலும் 200 லிட்டர் தண்ணீர் டிரம்மைக் கட்டிவிடுங்கள். துணியைச் சட்டத்தோடு முரட்டுக் கயிற்றால் கட்டாமல் ரப்பர்க் கயிற்றால் கட்டினால், காற்று வரும்போது கொஞ்சம் கொடுத்து வாங்கும், கிழியாது.

இப்போது கோயில் விழாக்களிலும் கல்யாணங்களிலும் எல்இடி சுவர்தான் நிற்கிறது. அதில் 6 மணிக்கே படம் போட்டுவிடலாம், காற்றுக்கும் அசையாது. புதுப் படம் போடுவதானால் தாராளமாக எடுங்கள், வெளிச்சத்தை மட்டும் நன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள், இருட்டில் கண்ணைக் கூசும். கறுப்பு வெள்ளைப் படம் என்றால் துணித் திரைதான் என்பது என் பிடிவாதம். அந்தப் படங்களின் சாம்பல் நிறங்கள் எல்இடியில் கரிக்கட்டையாகிவிடும்.

ஒலிக்கு ஒரு வார்த்தை. மைக் செட்காரர் கல்யாண மண்டபப் பழக்கத்தில் அடியில் இரண்டு பெரிய பேஸ் பெட்டிகளை இறக்குவார். பழைய படத்தின் ஒலியில் அடிநாதமே கிடையாது; எல்லாம் நடுத்தொனி. திரையின் இருபுறமும் ஆள் உயரத்தில் ஒவ்வொரு பெட்டி, வசனம் தெளிவாகக் கேட்கும்படி. கூம்பு ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம், காவல்துறை விடாது. தோப்பின் எல்லையில் சத்தம் எந்த நிலையிலும் 75 டெசிபலைத் தாண்டக்கூடாது, இடத்தைப் பொறுத்து வரம்பு இன்னும் குறையலாம் என்பதையும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். கைப்பேசியில் அளந்து பார்க்கலாம், தோராயமாகத் தெரியும்.

சாப்பாடு

இங்கே முதல் எதிரி வரிசை. 300 பேர், ஆளுக்கு மூன்று பண்டம் என்றால் 900 பரிமாறல். ஒரு கடையில் ஒருவருக்கு அரை நிமிடம் பிடித்தால் மணிக்கு 120 பேர். ஐந்து கடைக்கு 600. அதாவது கடைகள் ஓயாமல் கொடுத்தால் ஒன்றரை மணி நேரம். 4.45-லிருந்து 6.20 வரை என்று நான் சொன்னது இந்தக் கணக்கில்தான். கடையில் பணம் வாங்கிச் சில்லறை தேடினால் இந்தக் கணக்கு இரட்டிப்பாகும். டோக்கனை வாசலில் ஒரே இடத்தில் விற்றுவிடுங்கள்.

பட்டியலை நீளமாக்காதீர்கள். கொங்குச் சாப்பாடு என்றால் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்கிற ஆசை வரும். ஐந்து போதும். அரிசியும் பருப்பும் கட்டாயம். துவரம்பருப்பும் அரிசியும் சின்ன வெங்காயமும் ஒன்றாக வெந்து, மேலே ஊத்துக்குளி நெய் ஒரு கரண்டி. பெரிய அண்டாவில் ஒரே தடவையில் செய்துவிடலாம், சூடு நிற்கும், பரிமாறுவது எளிது. அதுதான் வயிற்றை நிரப்பும் பண்டம். அடுத்தது பள்ளிபாளையம் சிக்கன். ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் இருக்கும் அந்த ஊரின் பேரில் இப்போது ஊரெல்லாம் எதையெதையோ விற்கிறார்கள். வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல்லு, கறிவேப்பிலை, இவ்வளவுதான் அதன் சங்கதி. கரம் மசாலாப் பொட்டலத்தோடு வருகிற சமையல்காரரை வேறு வேலைக்கு அனுப்புங்கள்.

சந்தகை வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள், நானும் கேட்பேன். ஆனால் அது தாமதப் பண்டம். அரிசிமாவை ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுமுன் எந்திரத்தில் போட்டுப் பிழிய வேண்டும். ஆறினால் எந்திரத்தின் மேலே தொங்கினாலும் இறங்காது. அதைப் பிழிவதே ஒரு காட்சி என்பதால் கூட்டம் அங்கே நின்றுவிடும். அந்தக் கடையை ஒரு ஓரத்தில், வரிசை வளைந்து நீள இடம்விட்டுப் போடுங்கள். எந்திரம் இரண்டு வையுங்கள். இனிப்புச் சந்தகைக்குத் தேங்காய்ப்பாலை இரண்டு தவணையாகப் பிழியச் சொல்லுங்கள், மதியமே பிழிந்து வைத்தால் மாலைக்குள் திரிந்துவிடும். உங்கள் தோப்புத் தேங்காயிலேயே பிழியலாம், அதற்கு ஒரு தனிப் பெருமை.

நான்காவதாக ராகிக் களியும் கொள்ளுப் பருப்பும். வயதானவர்கள் முதலில் அங்கேதான் போவார்கள். ஐந்தாவது சேலத்துத் தட்டுவடை செட். தட்டை, துருவிய பீட்ரூட், கேரட், இரண்டு சட்னி. அடுப்பே வேண்டாம். கோயமுத்தூர் ரோட்டுக்கடைக் காளானையும் சேர்க்கலாமா என்று ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார். அதில் காளானைவிட முட்டைக்கோஸ்தான் அதிகம் என்பது ஊரறிந்த ரகசியம், சுவைக்கு நான் எதிரியில்லை. ஆனால் அந்த எண்ணெய்ச் சட்டிப் புகை படம் முடியும்வரை உங்கள்மேல் இருக்கும். தெளுவு, அதாவது பதநீர், வேண்டும் என்பவர்களிடம் அது காலைக் குடிநீர் என்று சொல்லிவிடுங்கள். சாயங்காலம் வரை வைத்திருந்தால் புளித்து வேறு பொருளாகிவிடும், அப்புறம் அதற்கு வேறு சட்டம்.

படம் ஓடும்போது ஈரப் பண்டம் எதுவும் கூடாது. இருட்டில் எலும்பையும் கறிவேப்பிலையையும் தேடிச் சாப்பிட முடியாது, பாயெல்லாம் குழம்பாகும். வறுத்த நிலக்கடலை, கச்சாயம், ராகிப் பக்கோடா, இவற்றை முன்னமே செய்து பொட்டலமாக்கி இடைவேளையில் கொடுங்கள். காகிதப் பொட்டலம்தான். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குகளுக்குத் தமிழ்நாட்டில் தடை. அதோடு, படத்தின் நடுவே பிளாஸ்டிக் பை நசுங்கும் சத்தத்தைப் போல எரிச்சல் வேறில்லை. பாக்குமட்டைத் தட்டு, வாழையிலை, எவர்சில்வர் டம்ளர் போதும். கை கழுவும் இடத்தைக் கடைகளுக்கு அருகில், களத்துக்கு எதிர்த்திசையில் சரிவு பார்த்து வையுங்கள், இல்லாவிட்டால் மக்கள் உட்காரும் இடத்துக்குத் தண்ணீர் ஓடி வரும்.

இசை

கொங்கு நாட்டில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. ஜமாப், துடும்பு என்கிற பெரிய மேளம், பறை, பெருஞ்சலங்கை ஆட்டம், ஒயில், வள்ளி கும்மி. இவற்றுக்கு மைக் வேண்டாம், மேடையும் வேண்டாம். துடும்புக்கு மைக் வைத்தால் பக்கத்து ஊரிலிருந்து புகார் வரும். இவை கண்ணால் பார்க்க வேண்டியவை. வியர்வையும் புழுதியும் சலங்கையும் தெரிய வேண்டும். அதனால்தான் வெளிச்சம் இருக்கும்போதே, தரையில், மக்கள் சுற்றி நிற்கும்படி வைக்கச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே நின்று பார்க்கலாம், அவர்களும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், திருவிழாப் பழக்கம்.

வள்ளி கும்மிக் குழுக்கள் இப்போது கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கின்றன. பெண்கள் கூட்டம் கூட்டமாக ஆடுகிறார்கள். முன்பு இது ஆண்கள் ஆட்டமாகவே இருந்தது. பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவரான கோவை மாவட்டத்துப் பத்திரப்பன் அவர்களுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். உங்கள் ஊரிலேயே ஒரு குழு இருக்கும், முதலில் அவர்களைக் கேளுங்கள். வெளியூர்ப் பேர்பெற்ற குழுவைக் கூப்பிட்டு உள்ளூர்க் குழுவைப் பார்வையாளராக உட்கார வைத்தால், அந்த மனத்தாங்கல் நிகழ்ச்சி முடிந்தும் போகாது.

அந்தியில் உட்கார்ந்து கேட்க உடுக்கைப் பாட்டு. அண்ணன்மார் கதை, அதாவது பொன்னர் சங்கர் கதை, இரவிரவாகப் பாடப்படுவது. பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் 1960களில் காங்கேயம் பக்கம் தங்கி அதைப் பல இரவுகள் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்தார். உங்களிடம் இருப்பது அரை மணி நேரம். "கதையைச் சுருக்கிப் பாடுங்கள்" என்று பாடகரிடம் சொல்லாதீர்கள், அது அவருக்கு அவமானம். ஒரு கட்டத்தை மட்டும் கேளுங்கள். கொம்பன் பன்றி வேட்டை அருமையான கட்டம், விறுவிறுப்பும் உண்டு, பிள்ளைகளும் கேட்பார்கள். இவருக்கு மைக் கட்டாயம் வேண்டும். உடுக்கைக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று. அந்த அரை மணி நேரம் கடைகள் மூடியே இருக்கட்டும். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. தைப் பனியில் தோல் தளர்ந்துவிடும். பறைக்காரர்கள் தீ மூட்டிக் காய்ச்சித்தான் அடிப்பார்கள். அதற்கு ஓர் இடம் ஒதுக்கி, பக்கத்தில் மணல் வாளி வையுங்கள். இடம் தராவிட்டால் அவர்களாகவே காய்ந்த தென்னை ஓலைக்குப் பக்கத்தில் மூட்டுவார்கள். சாப்பாடும் சம்பளமும் ஆட்டத்துக்கு முன்பே முடியட்டும். கலைஞர்கள் கடைசியில் காலி அண்டாவைப் பார்க்கிற நிகழ்ச்சிகள் இந்த நாட்டில் போதுமான அளவு நடந்துவிட்டன.

படம்

நீங்கள் இருக்கும் மண்ணுக்கும் சினிமாவுக்கும் பழைய உறவு. கோயமுத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்தபோது, 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரும் படங்களும் வாங்கி, வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். தியேட்டரின் பேர் பிறகு மாறினாலும் அந்தச் சாலை இன்னும் வெரைட்டி ஹால் ரோடுதான். அப்புறம் கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும், சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸும் வந்தன. எனவே இந்தப் பக்கம் எடுத்த ஒரு படத்தைப் போடலாம் என்று உங்களில் யாராவது சொன்னால், நான் அவர் கட்சி. ஸ்ரீராமுலு நாயுடு பட்சிராஜாவில் எடுத்த மலைக்கள்ளன் 1954இல் வந்தது. மாடர்ன் தியேட்டர்ஸின் அலிபாபாவும் 40 திருடர்களும் 1956, தமிழின் முதல் முழு வண்ணப் படம்.

ஆனால் முதலில் சொன்ன நேரக் கணக்கு இங்கே வந்து இடிக்கும். நீளமான பழைய படம் போடுவதானால் இரண்டில் ஒன்று செய்யுங்கள்: இடைவேளையை விட்டுவிட்டு, பாட்டை 6.50-க்கே முடித்து, சரியாக 7-க்குத் தொடங்குங்கள். அல்லது ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற புதுப் படத்துக்குப் போங்கள். பழைய படத்தில் நாலு பாட்டை வெட்டிவிட்டு ஓட்டலாம் என்பார்கள். வெட்டக்கூடாது, அந்தப் பாட்டுக்காகத்தான் பாதிப் பேர் வந்திருப்பார்கள். 1950களின் படச் சட்டம் ஏறக்குறைய சதுரம் என்பதையும் மனத்தில் வையுங்கள். 20 அடித் திரையில் 15 அடி அகலம்தான் படம் நிற்கும். அதை இழுத்துப் பரப்பி நிரப்பினால் எம்ஜிஆர் பீப்பாய் மாதிரி தெரிவார்.

உரிமை விஷயம். வீட்டில் ஓடிடி சந்தா இருக்கிறது, அதிலிருந்து போடலாம் என்று நினைத்தால் அது செல்லாது. அந்தச் சந்தா வீட்டில் பார்க்க மட்டும். பொதுவில் காட்ட உரிமையாளரின் எழுத்து அனுமதி வேண்டும். படத்துக்கான பதிப்புரிமை, வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. மேலே சொன்ன இரண்டும் அதைத் தாண்டிவிட்டன. ஆனாலும் பாட்டுக்கும் இசைக்கும் கணக்கு வேறு. ஆசிரியர் இறந்து 60 ஆண்டு ஆக வேண்டும். நல்ல பிரதி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் போய்க் கேட்டு வாங்குவதே முறை, தெளிவான படமும் அப்போதுதான் கிடைக்கும். யூடியூப் பிரதியை 20 அடிக்குப் பெரிதாக்கினால் முகங்கள் கஞ்சியாகிவிடும். மேடையில் சினிமாப் பாட்டு பாட வைப்பதானால் பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களின் உரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸிடம் உரிமம் வாங்க வேண்டும், இடைவேளையில் ரெக்கார்டு போடுவதற்கும் தனியாக உரிமம் உண்டு. மதச் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, டோக்கன் விற்கிற உங்கள் மாலைக்கு இல்லை. நாட்டுப்புறப் பாட்டோடு நின்றால் இந்தச் செலவே மிச்சம்.

அனுமதிகள்

ஒலிபெருக்கிக்கும் கூட்டத்துக்கும் உங்கள் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, எழுத்தில் வாங்குங்கள். படம் காட்டுவது 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு சினிமாக்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வருகிறது, உரிமம் தருபவர் மாவட்ட ஆட்சியர். ஒரே ஒரு நாள் திறந்தவெளித் திரையிடலுக்கு என்ன தேவை என்று ஆட்சியர் அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள். படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் இருக்க வேண்டும். கடைக்காரர்களிடம் உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்கிறதா என்று பார்த்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள். எரிவாயு உருளைகள் வருவதால் தீயணைப்பு நிலையத்துக்கும் ஒரு கடிதம். மூன்று, நான்கு வாரம் முன்னால் தொடங்கினால் அலையாமல் முடியும். தைப்பூசத்தை ஒட்டிக் கேட்டால் யாருக்கும் உங்களைக் கவனிக்க நேரமிருக்காது.

மின்சாரத்துக்கு சத்தமில்லாத வகை ஜெனரேட்டரை எடுத்துக் காற்று போகும் திசையில் 150 அடி தள்ளி வையுங்கள். தோட்டத்து மோட்டார் இணைப்பிலிருந்து இழுத்துக்கொள்ளலாம் என்று தோப்புக்காரர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது விவசாயத்துக்குக் கொடுத்த இலவச மின்சாரம், மாட்டினால் அபராதம் அவர் தலையில். புரொஜெக்டருக்கு மட்டும் தனியாக ஒரு யூபிஎஸ் போடுங்கள், ஜெனரேட்டர் இருமினாலும் படம் நிற்காது. கடைகளுக்கும் ஒலிக்கும் தனித்தனி லைன். கிரைண்டர் ஓடும்போது உடுக்கைப் பாட்டில் "கொர்ர்" என்று ஒரு சத்தம் வந்தால் காரணம் அதுதான்.

கழிப்பறையை மறந்துவிட்டு எல்லாவற்றையும் யோசிக்கிற கூட்டங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 300 பேரில் பாதி பெண்கள் என்றால் அவர்களுக்குக் குறைந்தது நாலு, ஆண்களுக்கு இரண்டு. தண்ணீர், வாளி, உள்ளே ஒரு விளக்கு, போகும் வழிக்குத் தரையை மட்டும் காட்டும் சின்ன விளக்குகள். தோப்பில் இருட்டில் வரப்பும் வாய்க்காலும் தெரியாது, பாம்பும் உண்டு. அந்த வழியில் டார்ச்சோடு இரண்டு இளைஞர்களை நிறுத்தி, படம் முடிகிற வரைக்கும் அவர்கள் அங்கிருந்து நகராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கான சாப்பாட்டை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.